தகட்டில் அழிந்தது, கியரில் இருக்கிறது

லேத்தின் முன்பக்கம், ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே, கியர் பாக்ஸ் மூடியின் மேல் ஒரு தகடு பதித்திருக்கும். கட்டம் கட்டமாக எண்கள், பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள். எந்த லீவரை எந்த ஓட்டையில் வைத்தால் அங்குலத்துக்கு எத்தனை மரை விழும், சக் ஒரு சுற்று சுற்றும்போது கேரேஜ் எவ்வளவு நகரும் (இதுதான் ஃபீடு) என்ற விவரமெல்லாம் அதில்தான். முப்பது நாற்பது வருடம் ஓடிய லேத் ஒன்றில் அந்தத் தகட்டைப் போய்ப் பாருங்கள். நடுப்பகுதி வழவழவென்று வெறும் பித்தளையாக இருக்கும். ஓரத்தில் ஒரு 28, அதற்கு மேலே பாதி 56, கீழ் மூலையில் கம்பெனிப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து. அவ்வளவுதான் மிச்சம்.

அழிவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. விரல் வைத்துத் தேடும் இடமும் பனியன் வேஸ்ட் படும் இடமும் முதலில் போகும். அதாவது, அன்றாடம் தேவைப்படும் வரிசைதான் முதலில் அழியும். ஓட்டுகிறவருக்கு அந்த வரிசை மனப்பாடம் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போன மறுவாரம் போன் வரும். “அண்ணே, பதிமூணு மரைக்கு லீவரை எங்க வைக்கிறது?” “கடைசிக்கு முந்தின ஓட்டை தம்பி. மேல் லீவரை நடுவுல விடு.” தகடு செய்ய வேண்டிய வேலையை ஓய்வுபெற்ற டர்னர் செய்துகொண்டிருப்பார்.

தேய்ந்த தகட்டை மாற்றுவதில் இரண்டு கேள்விகள் உண்டு. புதுத் தகட்டில் என்ன எழுதுவது? எழுதியது எப்படி நிலைக்கும்? பலர் இரண்டாவதில்தான் முனைப்பாக இருக்கிறார்கள். அதே கம்பெனியின் வேறொரு லேத்தைப் படம் பிடித்து, அச்சுக்குக் கொடுத்து, ஒட்டிவிடுகிறார்கள். அது உங்கள் லேத்துக்குப் பொருந்துமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. முதல் கேள்விதான் பெரியது. அறிவியலும் அதில்தான் அதிகம்.

மரை வெட்டும் கணக்கிலிருந்து தொடங்கலாம். சக்கில் பிடித்த வேலைத்துண்டு சுழல்கிறது. கேரேஜை இழுத்துச் செல்வது லீட் ஸ்குரூ என்ற நீண்ட திருகுத் தண்டு. இரண்டையும் கியர்கள் இணைக்கின்றன. லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 8 மரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் 8 டி.பி.ஐ. என்பார்கள். சக் ஒரு சுற்று சுற்றும்போது லீட் ஸ்குரூவும் ஒரு சுற்று சுற்றினால் துண்டிலும் 8 மரைதான் விழும். லீட் ஸ்குரூ அரைச் சுற்றே சுற்றினால் மரை இரண்டு மடங்கு நெருக்கமாகி 16 ஆகும். அதற்கு 20 பல் கியர் 40 பல் கியரை ஓட்டினால் போதும். தகட்டில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் இப்படி ஒரு கியர் விகிதத்தின் விடைதான்.

லீட் ஸ்குரூ, கியர், கேரேஜ் மூன்றையும் உலோகச் சட்டத்தில் சேர்த்து, ஒரே தண்டைக் கொண்டு வேறு வேறு மரை வெட்டும் லேத்தை 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே நிலைநிறுத்தினார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, மரை மாற வேண்டுமென்றால் லேத்தின் இடது கோடியில் இருக்கும் கியர்களைக் கழற்றி வேறு கியர்களை மாட்ட வேண்டும். அந்தக் காலத் தகட்டில் கட்டமே கிடையாது. இந்த மரைக்கு இந்த கியர், அந்த மரைக்கு அந்த கியர் என்ற பட்டியல்தான். ஒரு மரை போட்டு முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் ஸ்பேனரும் கையுமாக நேரம் போய்விடும்.

இதை மாற்றியவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் டாரிங்டன் ஊரில் ஹெண்டி மெஷின் கம்பெனியில் வேலை பார்த்த வெண்டெல் நார்ட்டன். 1892-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிய கியர்கள் ஒரே தண்டில் கூம்புபோல் நிற்கும். லீவரின் நுனியில் இருக்கும் சிறு கியர் எந்த அடுக்கின் மேல் விழுகிறதோ அந்த விகிதம் கிடைக்கும். கழற்றலும் மாட்டலும் போயின. ஓட்டை மாற்றி ஓட்டையில் லீவரை வைத்தால் மரை மாறும். லேத்தின் தகட்டில் நெடுவரிசை, கிடைவரிசைக் கட்டம் வந்தது இதனால்தான். நெடுவரிசை என்பது கூம்பில் ஓர் அடுக்கு. கிடைவரிசை என்பது அதன் பின்னால் இருக்கும் இரட்டிப்பு கியர்களின் ஒரு நிலை.

அழிந்த தகட்டை மீட்கும் சாவி இங்கேதான் கிடைக்கிறது. அமெரிக்க லேத்களில் பரவலாக இருந்த வரிசை இது: 8, 9, 10, 11, 11½, 12, 13, 14. இந்த எண்களை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 16, 18, 20, 22, 23, 24, 26, 28. கூம்பில் இருக்கும் கியர்களின் பல் எண்ணிக்கை இதே விகிதத்தில்தான் இருக்கும். மூடியைத் திறந்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, எட்டு கியரையும் எண்ணினால் முதல் வரிசை கைக்கு வந்துவிடும். அடுத்த கிடைவரிசை அப்படியே இரண்டு மடங்கு: 16, 18, 20, 22, 23, 24, 26, 28. அதற்கடுத்தது 32-இல் தொடங்கும். நாற்பது எண்ணுள்ள ஒரு தகட்டில் உண்மையான தகவல் எட்டே எண்கள்தான். மற்றதெல்லாம் இரண்டால் பெருக்கியது. ஃபீடு வரிசையும் இப்படியே. கேரேஜை மெதுவாக நகர்த்தும் ஏப்ரனின் கியர் விகிதம் ஒன்றுதான் என்பதால், மரை எண்ணுக்கும் ஃபீடுக்கும் நடுவே இருக்கும் உறவு தகடு முழுக்க ஒரே மாறிலி. ஓர் இடத்தில் ஃபீடை அளந்துவிட்டால் மீதியைக் கணக்கில் நிரப்பலாம்.

மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு எண்களே லேத் எந்த நாட்டு மரபில் வந்தது என்று சொல்லிவிடும். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் மரை 12, அமெரிக்க மரை 13. ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்துக்கு 55 டிகிரிக் கோண மரையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி போதும், செய்வதும் எளிது என்று தனி வழி போனார். அந்தப் பிரிவு தகட்டில் எண்ணாக நிற்கிறது. 11½ கண்ணில் பட்டால் அது ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரையிலான அமெரிக்கக் குழாய் மரை. 19 கண்ணில் பட்டால் அது கால் அங்குல, எட்டில் மூன்று அங்குல பிரிட்டிஷ் குழாய் மரை. கோயம்புத்தூர் மில்களுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய எந்திரங்களும் அவற்றைப் பார்த்து வளர்ந்த நம்மூர் லேத்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பழக்கத்தைச் சார்ந்தவை. ஆகவே அமெரிக்கத் தகட்டை அச்சடித்து ஒட்டினால் வெட்டுவது 12, எழுதியிருப்பது 13 என்றாகலாம். இந்த இரண்டுக்கும் ஆறு மரைக்குள் அரை மரை தூரம் விலகிவிடும். நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். வேலை செய்தவன் டூலைக் குறை சொல்வான்.

கியரை எண்ணியதோடு விடக் கூடாது. லேத் கைமாறி வந்ததாக இருந்தால் கோடியில் இருக்கும் கியரை யாராவது மாற்றியிருப்பார்கள். எந்திரத்தையே கேட்டுவிடுவது நல்லது. மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். சக்கின் விளிம்பில் ஒரு கோடு, அதற்கு நேராக ஹெட்ஸ்டாக்கில் ஒரு கோடு போடுங்கள். லீவரை ஓர் ஓட்டையில் வைத்து, லீட் ஸ்குரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைப் போட்டு, சக்கைக் கையால் ஒன்றிரண்டு சுற்று சுற்றுங்கள். கியர்களின் தளர்வும் லீட் ஸ்குரூவின் தளர்வும் இதில் போய்விடும். இப்போது டயல் கேஜை பெட்டின் மேல் நிறுத்தி, முள்ளைக் கேரேஜில் தொடவைத்து, பூஜ்யம் வையுங்கள். அதே திசையில் சரியாக நான்கு சுற்று. 13 டி.பி.ஐ. என்றால் கேரேஜ் 7.82 மி.மீ. நகர்ந்திருக்கும். 12 என்றால் 8.47. 11½ என்றால் 8.83. வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் என்பதால் சாதாரண டயல் கேஜே தீர்ப்புச் சொல்லிவிடும். ஒவ்வோர் ஓட்டைக்கும் இதைச் செய்து நோட்டில் எழுதிக்கொண்டால், உலகத்தில் எந்த கம்பெனியின் கேட்டலாக்கும் தராத ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கும். உங்கள் லேத்தின் பட்டியல்.

மில்லிமீட்டர் மரை வந்தவுடன் கதை சுவாரசியமாகிறது. லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கு. வெட்ட வேண்டியது 1.5 மி.மீ. இடைவெளி. 8 டி.பி.ஐ. லீட் ஸ்குரூவின் ஒரு மரை 3.175 மி.மீ. 1.5-ஐ 3.175-ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் 60-க்கு 127 என்று வந்து நிற்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 254 என்பது இரண்டு 127. 127 பகா எண், எதாலும் உடைபடாது. எனவே அங்குல லேத்தில் துல்லியமாக மெட்ரிக் மரை வெட்ட வேண்டுமானால் 127 பல் உள்ள ஒரு கியர் எங்காவது இருந்தே ஆக வேண்டும். பழைய லேத் வாங்குகிறவர்கள் அந்தப் பெரிய கியர் கூட வருகிறதா என்று முதலில் கேட்பது இதற்காகத்தான்.

இந்த 25.4 கூட எப்போதும் இருந்ததல்ல. அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் கடுகளவு வேறுபட்டிருந்தன. ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் தன் அளவுக் கட்டைகளை 25.4 என்று எடுத்துக்கொண்டு செய்தார். தொழிற்சாலைகள் அந்த வழியில் போயின. பிரிட்டிஷ் தரநிலை 1930-இலும் அமெரிக்கத் தரநிலை 1933-இலும் அதை ஏற்றன. அரசுகள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு நடைமுறைக்கு வந்தது 1959-இல். பட்டறை முடிவு செய்து முடித்துவிட்ட விஷயத்தைச் சட்டம் பின்னால் வந்து பதிவு செய்திருக்கிறது.

127 பல் கியர் பெரியது. சின்ன லேத்தின் மூடிக்குள் அடங்காது. அதனால் சில லேத்களில் 63 பல் கியரை வைத்துச் சமாளித்தார்கள். 80-ஐ 63-ஆல் வகுத்தால் 1.26984. நமக்கு வேண்டியது 1.27. அந்த வழியில் வெட்டிய 1.5 மி.மீ. மரை உண்மையில் 1.5002 மி.மீ. இருக்கும். 25 மி.மீ. நீள மரையில் மொத்தப் பிழை 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ. போல்ட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் இன்னொரு லேத்துக்கு லீட் ஸ்குரூ செய்யப்போகிறீர்கள் என்றால், ஒரு மீட்டரில் எட்டில் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். தகடு “1.5” என்றுதான் சொல்லும். அது முழுதாக்கிய எண். புதுத் தகடு செய்கிறவர், எந்த கியரை மாட்டினால் இந்த எண் வரும் என்பதையும் ஓரத்தில் எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. பழைய கம்பெனிகளில் பல அதை எழுதின. மறுபதிப்புகளில் இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது வேகத் தகடு. சக் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. இதில் ஒரு அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. 12 வேக லேத் ஒன்றுக்கு இப்படி ஒரு வரிசை இருக்கலாம்: 45, 63, 90, 125, 180, 250, 355, 500, 710, 1000, 1400, 2000. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் சுமார் 1.41 மடங்கு. சம இடைவெளி விட்டிருந்தால் 45-க்கு அடுத்தது 223-ஆக இருக்கும். பெரிய விட்டமுள்ள வார்ப்பிரும்புத் துண்டைக் கடையும்போது இரண்டுக்கும் நடுவில் வேகமே இல்லாமல் திண்டாட வேண்டும். பெருக்கு வரிசையில் அந்தக் கஷ்டம் இல்லை. எந்த விட்டமாக இருந்தாலும், கணக்குப்படி வேண்டிய வேகத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கினால் இழப்பது அதிகபட்சம் 29 சதவீதம்தான். 1870-களில் ராணுவ பலூன்களின் கயிறு அளவுகள் தாறுமாறாகப் பெருகியிருந்ததைக் குறைக்க பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ரெனார் கையாண்ட முறை இது. அவர் பெயரில் ரெனார் வரிசை என்று இன்று உலகத் தரநிலையாக இருக்கிறது.

தகட்டை மீட்பவருக்கு இதில் என்ன லாபம்? 180-க்கும் 355-க்கும் நடுவில் ஓர் எண் அழிந்துவிட்டது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 253. அழிந்த எண் 250.

ஆனால் எழுதுமுன் மோட்டாரைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1725 சுற்று சுற்றும். இங்கே 50 ஹெர்ட்ஸ். அதே வகை மோட்டார் 1440-ஐ ஒட்டித்தான் சுற்றும். அமெரிக்கத் தகட்டில் 1000 என்று இருந்தால் இங்கே கிடைப்பது 830 சொச்சம். புல்லியை மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. சக்கில் ஒரு துண்டு ஒளிர் டேப்பை ஒட்டி, ஒளி டேக்கோமீட்டரைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும்.

இனி, பழைய தகட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெறும் கண்ணுக்கு வழவழவென்று தெரியும் இடத்திலும் எழுத்து சில மைக்ரான் பள்ளமாக இருக்கக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் நிழல் விழும். நான்கு பக்கமிருந்தும் ஒளி காட்டி நான்கு படம் எடுத்தால், ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் தெரியும். டால்கம் பவுடரைத் தடவி உள்ளங்கையால் துடைத்தாலும் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். மெல்லிய காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கலாம். கோயில் சுவரில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோலத்தான் இதுவும்.

சீரியல் எண் மட்டும் தனி வகை. அது பெரும்பாலும் எஃகு பஞ்ச் வைத்து அடித்த எண். அடி விழுந்த இடத்தில் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிக அமைப்பு நசுங்கியிருக்கும். மேற்பரப்பு முழுக்கத் தேய்ந்துபோனாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். எஃகை மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி மற்றதைவிட வேறு வேகத்தில் அரிபட்டு, எண் நிழல்போல் மேலே வரும். திருட்டு வண்டியின் சேஸிஸ் எண்ணைத் தடயவியல்காரர்கள் மீட்பது இப்படித்தான். அமிலத்தால் அரித்தோ, அச்சடித்தோ எழுதிய தகட்டில் இது பலிக்காது. அங்கே எதுவும் நசுங்கவில்லை. சீரியல் எண்ணுக்காக இவ்வளவு பாடுபடுமுன் பெட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத்களில் டெயில்ஸ்டாக் கோடியில் பெட்டின் மேலேயே அந்த எண் அடித்திருக்கும்.

தகடு ஏன் அழிந்தது என்று தெரியாமல் புதியதைச் செய்தால் அதுவும் அழியும். முதல் எதிரி துடைக்கும் துணி. வார்ப்பிரும்புத் தூளும் கிரைண்டரின் எமரித் தூளும் எண்ணெயில் ஊறிய துணியில் ஏறியிருக்கும். அது துணியல்ல, உப்புத்தாள். இரண்டாவது எதிரி கூலன்ட். தண்ணீரில் கலந்த கரையும் எண்ணெயின் பி.எச். 8.5-லிருந்து 9.5 வரை இருக்கும், லேசான காரம். எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் காரம் தேவை. அலுமினியத்துக்கோ அது ஆகாது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் நடுவில்தான் நிலையாக இருக்கும். கூலன்ட்டில் இருக்கும் அமீன்கள் பித்தளையில் உள்ள செம்பைப் பிடித்துக்கொண்டு பச்சை கலந்த நீலக் கறையாக்கும். மூன்றாவது எதிரி மனிதர்: ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஸ்பிரே கன்னோடு வந்து, தகட்டின் மேல் ஒரு துண்டு டேப்கூட ஒட்டாமல், எந்திரம் முழுவதையும் பச்சையாக அடித்துவிட்டுப் போகிறவர். தின்னர் போட்டுத் துடைத்தால் மேலே இருக்கும் பச்சையோடு எழுத்துக்குள் இருந்த கறுப்பும் சேர்ந்து போகும்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். தகட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் சாதாரண ஸ்குரூ அல்ல. உருண்டைத் தலை, வெட்டு கிடையாது. சுத்தியலால் அடித்து இறக்கிய கடின எஃகு ஆணி. அதன் உடலில் செங்குத்தாகச் சாய்ந்த பல புரிகள் ஓடும். அடிக்கும்போது சுழன்றுகொண்டே இறங்கும். எனவே தலையில் மெல்லிய வெட்டு போட்டு, ஸ்குரூ டிரைவரால் இடப்பக்கம் திருப்பினால் சுழன்றுகொண்டே வெளியே வந்துவிடும். வராவிட்டால் கூரான உளியைத் தலைக்கு அடியில் நுழைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி எழுப்பலாம். டிரில் போடுவது கடைசி வழி. ஆணி கடினமானது, பிட் வழுக்கிப் பக்கத்து வார்ப்பிரும்பைத் தின்னும். அந்த ஓட்டை கியர் பாக்ஸின் உட்புறம் வரை போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் பிசிறு எண்ணெய்க்குள் விழும், பிறகு எண்ணெய் தகட்டுக்குப் பின்னால் கசியும்.

புதியதைச் செய்ய இன்று வழி பல. மலிவானது ஸ்டிக்கர். அடுத்த தீபாவளிக்குள் ஓரம் சுருண்டுவிடும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. சாயமேற்றிய அனோடைஸ்டு அலுமினியத்தில் லேசரால் எழுதுவது நேர்த்தியானது. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தும்போது அலுமினியத்தின் மேல் நுண்துளைகள் நிறைந்த ஆக்சைடு வளர்கிறது. துளைக்குள் சாயம் இறங்கும். பிறகு கொதிநீரில் போட்டால் ஆக்சைடு தண்ணீரை ஏற்று உப்பி, துளையின் வாயை மூடிக்கொள்ளும். நீலக்கல்லும் இதே ஆக்சைடுதான், எனவே கீறலைத் தாங்கும். கூலன்ட் தெறிக்காத ஹெட்ஸ்டாக்கின் மேல்பக்கத்துக்கு இது போதும். வெறும் பித்தளையை லேசர் கடைக்குக் கொண்டுபோனால், எந்த லேசர் என்று கேளுங்கள். கார்பன் டைஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியைப் பளபளப்பான பித்தளை கிட்டத்தட்ட முழுவதும் திருப்பி அனுப்பிவிடும். 1.06 மைக்ரான் ஒளி தரும் ஃபைபர் லேசர்தான் அதில் ஆழமாக எழுதும்.

என் ஓட்டு, அமிலத்தில் அரித்த பித்தளைக்கு. பழைய தகடுகளில் பல இப்படிச் செய்தவைதான். கம்ப்யூட்டரில் வரைந்த தகட்டை லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில், கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி அச்செடுங்கள். அந்த மை உண்மையில் பிளாஸ்டிக் தூள். நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய பித்தளையின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் தூள் உருகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால், எழுத்து தவிர மற்ற இடமெல்லாம் கறுப்புக் கவசம். பின்புறத்தை டேப்பால் மூடி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் முகம் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். கரைந்துவரும் கசடு தானே கீழே விழ இதுவே வழி. இரும்பு அயனிகள் செம்பிலிருந்தும் துத்தநாகத்திலிருந்தும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, செம்பும் துத்தநாகமும் குளோரைடாகக் கரைசலுக்குள் இறங்கும். சூடாக்கினால் வேகம் கூடும். அவசரப்பட்டால் ஒரு விலை உண்டு: அமிலம் கீழே மட்டும் போவதில்லை, கவசத்துக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும். 8-இன் வயிறு ஒட்டிப்போகும். எழுத்தின் கோட்டை வரையும்போதே கொஞ்சம் மெலிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் கிடைத்தால் எடுத்துக் கழுவி, கறுப்பு எனாமலை முழுக்கப் பூசி, காயவிட்டு, தட்டையான கட்டையில் சுற்றிய 600 நம்பர் ஈர உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பரப்பு பித்தளையாகும், பள்ளம் கறுப்பாக நிற்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கிறது. சாக்கடையில் ஊற்றாதீர்கள், இரும்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு சின்ன ரசனை. பழைய தகடுகள் வேறு சிலவற்றில் எழுத்துகளின் நுனிகள் உருண்டிருக்கும், கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றே. அவை அரித்தவை அல்ல, செதுக்கியவை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் டெய்லர் ஹாப்சன், அமெரிக்காவில் ரசீன் நகரின் கார்ட்டன் கம்பெனிகளின் பாண்டோகிராஃப் எந்திரங்களில், பெரிய அச்செழுத்தை முள் தடவிக்கொண்டு போக, மறுமுனையில் சுழலும் கட்டர் அதைச் சிறிதாக்கிச் செதுக்கும். சுழலும் கட்டரால் கூரான மூலை செய்ய முடியாது, அதனால் அந்த உருண்டை நுனி. கம்ப்யூட்டரில் கிடைக்கும் ஏதோ ஓர் எழுத்துருவைப் போட்டால் தகடு பொய்ப்பல்போல் துருத்தும். இந்த வகை எழுத்துருக்களை இன்று ஆர்வலர்கள் மீட்டு வரைந்திருக்கிறார்கள்.

கம்பெனி பெயர்த் தகட்டையும் உற்பத்தி ஆண்டையும் புதிதாகச் செய்து ஒட்டுவது வேறு விஷயம். ஆண்டு தெரியாத லேத்துக்கு ஆண்டு போடுவதும், இல்லாத திறனை எழுதுவதும் மோசடி. அடுத்து வாங்குகிறவர் ஏமாறுவார். வேகத்தில் பொய் சொன்னால் சக் உடைந்து ஆள் மேல் விழும். மரைப் பட்டியல், வேகப் பட்டியல், எச்சரிக்கை ஆகியவற்றை மறுபதிப்பு செய்யுங்கள். மூலையில் செய்த ஆண்டும் “மறுபதிப்பு” என்ற சொல்லும் இருக்கட்டும். கழற்றிய பழைய தகட்டை எண்ணெய் தடவி டூல் பெட்டியில் வையுங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம்.

உங்கள் பட்டறையில் லேத் இருந்து, தகடு இன்னும் வாசிக்கும்படி இருந்தால், இன்றைக்கே நேராக நின்று ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூடவே லீட் ஸ்குரூவின் டி.பி.ஐ., கோடி கியர்களின் பல் எண்ணிக்கை, மோட்டார் புல்லியின் விட்டம் ஆகிய மூன்றையும் குறித்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.